பாய்க்கு இந்தி தெரியும்

பாயிடம் வழி கேட்டால் வழி சொல்ல மாட்டார். கூடவே வந்துவிடுவார்.

மதுரை ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில் அவர் கடை. ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கால் தெருவுக்கு வந்துவிடும், அவ்வளவுதான் இடம். பைக்கு ஜிப் வைப்பது, பெட்டிக்குச் சக்கரம் மாட்டுவது, அறுந்த வாரைத் தைப்பது, இதுதான் தொழில். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் பல்லைக் காட்டிவிட்ட ஜிப்போடு வந்து நிற்பார்கள். "பாய், நாலரைக்கு வண்டி" என்பார்கள். மணி நாலேகால் ஆகியிருக்கும். "ஆயிரும்" என்பார். எப்படியோ ஆகிவிடும்.

ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது எழுமலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் யாரோ வக்கீலின் முகவரி. பாய்க்கு அந்தத் தெரு தெரியாது. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது, ஏனென்றால் சீட்டை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியாதம்மா என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா பக்கத்து டீக்கடையில் கேட்டுவிட்டுப் போயிருப்பார். இவர் தைத்துக்கொண்டிருந்த என் பையை ஊசியோடு அப்படியே போட்டுவிட்டு, "வாங்கம்மா போவோம்" என்று செருப்பை மாட்டிவிட்டார். ஒன்றேகால் மணி நேரம் நான் கடைக்குக் காவல். சித்திரை வெயில் வேறு. வந்து வந்து கேட்டவர்களுக்கெல்லாம் "இப்ப வந்துருவாரு" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும், ஊருக்கே தெரியும். அவர் வேர்த்து வடிந்து திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் பாய், தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்க முத்தா உதிர்ந்துரும்?"

"அந்தம்மா நம்ம மூஞ்சியப் பாத்துல்ல தம்பி கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான். ஊசியை எடுத்து விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்துவிட்டார்.

மகபூப்பாளையத்தில் அவர் வீடு. ஒரு பெருநாளைக்கு என்னையும் என் சிநேகிதன் ராசுவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அப்போது அவர் மனைவி சொன்னது: "கலியாணமான புதுசுல, பெரண்டை எங்க கெடைக்கும்னு சும்மா ஒரு வார்த்தை கேட்டேன் தம்பி. மத்தியானம் வெளிய போன மனுசன் பொழுது சாஞ்சு மஹ்ரிப் பாங்கு சொல்றப்பத்தான் வாராரு. அழகர்மலை அடிவாரத்துக்கே போயி பறிச்சுட்டு வந்துருக்காரு. தெரியாதுங்கிற வார்த்தைய அல்லா இவரு நாக்குல எழுதவே இல்ல." பாய் குழம்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இதை வெறும் நல்ல குணம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஒருவன் ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து, "துபாய் வரைக்கும் தாங்குமா பாய்?" என்று கேட்டான். அடிப்பக்கமே விரிந்து கிடந்த பெட்டி. பாய் அவன் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக வெளிநாடு போகிறவனின் முகம். "தாங்கும்" என்று சொல்லி நாலு பக்கமும் தைத்துக் கொடுத்தார். திருச்சி ஏர்போர்ட்டுக்குள் போவதற்குள்ளேயே அது வாயைப் பிளந்துவிட்டது. மறுநாள் அவனுடைய அண்ணன் வந்து சந்தே கூடும்படி சத்தம் போட்டான். பாய் நின்று கேட்டுக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. கேட்கிறவன் ஆசைப்பட்டதையே சொல்லி அனுப்புகிறவரை நம்பி எப்படி ஒரு வேலையைக் கொடுப்பது என்று ராசுவிடம் புலம்பினேன். ஆனாலும் அடுத்த பை அறுந்ததும் அவரிடம்தான் போய் நின்றேன்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்தில் பல்கலைக்கழக ஆபீசில் எனக்குக் கோப்பு பார்க்கிற வேலை. படித்தது வணிகவியல். பிடித்த பைத்தியம் சரித்திரம். எங்கே ஒரு பழைய கல் கிடந்தாலும் நோட்டை விரித்துவிடுவேன். பேசுகிறவர் பேச்சையெல்லாம் போனில் பதிந்து வைப்பேன். ராசு அதே வளாகத்தில் எலெக்ட்ரிசியன். அவனுக்குச் சரித்திரம் வேண்டாம், ரயில் இருந்தால் போதும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குள் ரயில் ஓட ஆரம்பித்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அரசர்கள் கோடைக்குக் கடந்துபோன கணவாய், குளிர்காலம் வந்தால் பனியில் மூடிக்கொண்டு ஊரையே பூட்டிவைத்த மலை, அதன் வயிற்றைக் குடைந்து இப்போது ரயில் போகிறது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

ஆனால் அந்தப் பயணத்தை நிஜமாகவே கேட்டது நான் இல்லை, என் அம்மா.

மேலூர்ப் பக்கம் அம்மாவின் ஊர். தாய் இல்லாத வீட்டில் கடைசித் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். என் மாமா கல் குவாரியில் கம்ப்ரசர் பிடித்துப் பாறையில் துளை போடுகிறவர். குவாரி வேலை நின்றுபோன சமயத்தில், வடக்கே ரயிலுக்காக மலையைக் குடைகிறார்கள், துளை போட ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி வந்தார். மாமாவுக்குப் போக இஷ்டமில்லை. "இங்க ஒக்காந்து என்னத்தடா கிழிக்கப் போற, போயிப் பொழைக்கிற வழியப் பாரு" என்று அம்மாதான் திட்டி அனுப்பினாள். அந்தக் குளிர்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து மாமா அங்கேயே இறந்துபோனார். பாதை பனியில் மூடிக் கிடந்ததால் உடம்பைக் கொண்டுவர முடியவில்லை. அங்கேயே தகனம் செய்துவிட்டார்கள். மேஸ்திரி ஒரு பையும் ஒரு கைக்கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா அவனுக்கு யாருப்பா தண்ணி ஊத்துனது?"

"நான் அன்னைக்கு வேற கேம்ப்ல இருந்தேன்க்கா. தெரியாது" என்றார் மேஸ்திரி.

எங்கள் பக்கத்தில் உயிர் பிரிகிற நேரம் பக்கத்தில் இருப்பவர் கையால் வாயில் ஒரு மடக்குத் தண்ணீராவது விட வேண்டும். அது கிடைக்காமல் போனவன் தாகத்தோடு போனவன். அன்றிலிருந்து அம்மா தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் முதல் மடக்கைத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பாள். வீடு, கோயில், கல்யாண மண்டபம் என்றெல்லாம் கிடையாது. மேலூர் பஸ்ஸில் ஒருதடவை பக்கத்து ஆளின் காலில் ஊற்றி, பெரிய சண்டை. பத்து வருடம் இப்படி. "அந்த எடத்த ஒருக்கா பாத்துட்டா போதும்டா. யாராச்சும் ஒருத்தராவது அவனப் பாத்துருக்க மாட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் பெட்டிக்குச் சக்கரம் மாட்ட நானும் ராசுவும் பாய் கடைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னோம். அம்மாவையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் இந்தியில் ஒரு எழுத்து தெரியாது, அங்கே போய் யாரிடம் என்ன கேட்பது என்று கவலைப்பட்டேன். ராசு திடீரென்று தொடையில் தட்டினான்.

"ஏய் மாப்ள, வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறோம் பாரு! பாய், நீங்க வாங்களேன் எங்ககூட. ஒங்களுக்குத்தான் இந்தி தெரியும்ல?"

பாய் நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"போவோம்" என்றார்.

தெரியும் என்று சொல்லவில்லை. போவோம் என்றார். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆயிற்று. பாய் வீட்டில் பரம்பரை பரம்பரையாகத் தமிழ்தான் பேச்சு. பெருநாள் அன்று அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான், ஒரு உருது வார்த்தை காதில் விழவில்லை. ஆனாலும் தொப்பி போட்டவருக்கு உருது தெரியும், உருது தெரிந்தால் இந்தி தெரியும் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். பக்கத்திலேயே இருக்கிற மனிதரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த லட்சணம் அது.

ரயிலில் மூன்று ராத்திரி. அம்மாவுக்கு மேல் பெர்த் கிடைத்திருந்தது. முழங்கால் வலிக்காரி, ஏற முடியாது. கீழ் பெர்த்தில் ஒரு சர்தார்ஜி. பாய் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். "பாய்சாப்" என்றார். அம்மாவின் முழங்காலைக் காட்டினார். மேலே காட்டினார். தன் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். சர்தார்ஜி போர்வையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். "பாத்தியா மாப்ள, ரெண்டே வார்த்தைல முடிச்சுட்டாரு!" என்று ராசு பூரித்துப்போனான். டீக்காரனிடம் "அச்சா" என்பார். டிக்கெட் பரிசோதகர் என்னவோ கேட்டால் அதே "அச்சா"வை வருத்தத்தோடு சொல்வார். குழந்தையைப் பார்த்தால் அதே "அச்சா" பாட்டு மாதிரி வரும். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று சொல்ல வேண்டும், அவர் கூட இருந்த பதினைந்து நாளும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மா ரயில் பெட்டிக்குள்ளும் முதல் மடக்கைக் கீழே ஊற்றினாள். பாய் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி அம்மா ஆரம்பித்துவிட்டாள். நாக்பூர் தாண்டியும் ஓயவில்லை. மாமாவின் வலது புருவத்துத் தழும்பு, பால் என்றாலே ஓடுவது, கருப்பட்டியைத் திருடித் தின்பது, கோபம் வந்தால் பேசாமல் போய் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது. தான் திட்டி அனுப்பியதையும் சொல்லி அழுதாள். மற்றதெல்லாம் எனக்கே தெரியாத சங்கதிகள். நான் சன்னலுக்கு வெளியே சரித்திரம் தேடிக்கொண்டிருந்தேன். பாய்தான் உம் கொட்டிக் கேட்டார்.

ஜம்முவில் இறங்கி, வேன் பிடித்து, ஒரு பகல் முழுவதும் மலைப்பாதையில் வளைந்து வளைந்து பனிஹால் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்துதான் பள்ளத்தாக்குக்கு ரயில். மாமா இருந்த கேம்ப்பும் அந்தப் பக்கத்தில்தான் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். இறங்கியதுமே அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "திரும்பி வாரப்பப் பாப்பமே" என்றாள். பயந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. சரி என்று ரயில் ஏறினோம்.

சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தது. அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி இருந்தாள்.

"இதுல எந்த எடம் எந்தம்பி தொளச்சதோ. பாய், யாருகிட்டயாச்சும் கேட்டுச் சொல்லுங்களேன்."

பாய் எதிரே இருந்த காஷ்மீர்ப் பெரியவரிடம் குனிந்து என்னவோ முணுமுணுத்தார். அவர் தலையை ஆட்டினார். பாய் திரும்பி வெளியே உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தா, வருது பாருங்கக்கா. இந்த எடந்தான்" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அது எப்படி அவ்வளவு சரியாகத் தெரியும் என்று எனக்கு ஒரு நொடி உறுத்தியது. வெளிச்சம் வந்து, வெள்ளை வெள்ளையாய் மலை தெரிந்ததும் அந்த உறுத்தல் போய்விட்டது.

அவந்திபூரில் இறங்கி இடிந்த கோயிலைப் பார்க்கப் போனோம். காவல்காரர் ஒருவர் வந்து கையை ஆட்டி ஆட்டி நிறைய நேரம் பேசினார். நான் போனில் பதிந்தேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"என்ன பாய் சொல்றாரு?"

பாய் தூண்களைப் பார்த்தார். என் விரித்த நோட்டைப் பார்த்தார். "ராசா பாதிக் கோயில் கட்டுறப்பச் சண்டைக்குப் போயிட்டாராம் தம்பி. ராணி சிற்பிங்களக் கூப்பிட்டு, அவரு வார வரைக்கும் உளிச் சத்தம் நிக்கக் கூடாதுன்னுச்சாம். வேலை முடிஞ்சா அவரு வர மாட்டாருன்னு பயம். அதனால செதுக்குனதையே திரும்பத் திரும்பச் செதுக்கச் சொல்லுச்சாம். அந்தா பாருங்க, அந்தத் தூணு அதான் இம்புட்டு மெலிசா இருக்கு." எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று பக்கம் எழுதினேன்.

ஸ்ரீநகர் வரை போய்விட்டு, திரும்பும்போது பனிஹாலில் இறங்கினோம். கேம்ப் இருந்த இடத்தில் இப்போது புல்லும் துருப்பிடித்த தகரமும்தான். பக்கத்தில் ஒரு டீக்கடை. நீளமான கம்பளி அங்கி போட்ட ஒரு பெரியவர் சமோவாரில் டீ காய்ச்சிக்கொண்டிருந்தார். பாய் போய் அவர் கையைப் பிடித்தார். மாமாவின் போட்டோவை அம்மா நீட்டினாள். பெரியவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கண் கலங்கி நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். அதே இரண்டு சொல்லை நடுநடுவே மூன்று தடவை சொன்னார். தலையையும் ஆட்டினார். நான் பதிந்துகொண்டே பாயின் முகத்தைப் பார்த்தேன். பாய் போட்டோவை வாங்கித் தன் சட்டையில் துடைத்தார்.

"என்ன சொல்றாரு?" அம்மா பாயின் முழங்கையைப் பிடித்துவிட்டாள். "பாத்துருக்காராமா?"

"பாத்துருக்காராம்க்கா. புருவத்துல தழும்போட ஒரு மதராசிப் பையன். காமாலை வந்து படுத்தப்ப, கேம்ப்ல குளுரா இருக்குன்னு இந்தக் கடைக்குள்ள அடுப்புப் பக்கத்துல படுக்க வச்சாராம். பால் குடுத்தா வேணாம்னுருவானாம். வெந்நிதான் கேப்பானாம். கடைசி அன்னைக்குத் தலையத் தன் மடில வச்சுக்கிட்டு, கரண்டில தண்ணி ஊத்துனாராம். மூணு மொடக்கு குடிச்சானாம். நாலாவது உள்ள போகலையாம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க அக்கா ஒருத்தி இருக்கா, அவ போகச் சொன்னதால ஒண்ணும் ஆகல, அவ மேல எனக்குக் கோவமில்லன்னு சொல்லுங்கன்னானாம்."

அம்மா அந்தப் பெரியவரின் காலில் விழுந்துவிட்டாள். அவர் பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர். ஒரு கோப்பை டீயும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா சொம்பை வாங்கினாள். பழக்கத்தில் கை சாய்ந்தது. அப்புறம் நின்றது. நேரே வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு என் அம்மா முதல் மடக்கைத் தானே குடித்ததை அந்தக் குளிரில் நின்று பார்த்தேன். ராசு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

ஊருக்கு வந்து ஒரு வருடம் ஓடியது. அவந்திபூர் ராணியைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. எங்கள் வளாகத்துச் சரித்திரப் பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டு, "இந்த ராணி எங்கயிருந்து வந்தாங்க? நான் எந்தப் புத்தகத்திலயும் பாக்கலையே" என்றார். ஆதாரம் இருக்கிறது சார் என்று மீசையை முறுக்கிக்கொண்டு, இந்தி தெரிந்த ஒரு மேடத்திடம் போனைக் கொண்டுபோனேன். அவர் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"செருப்போட மேல ஏறாதீங்க, டிக்கெட்டைக் கீழ போடாதீங்க, அஞ்சு மணிக்கு மூடிருவோம், போன வாரம் இப்படித்தான் ஒரு குடும்பம் உள்ள மாட்டிக்கிச்சுன்னு சொல்றார் சார். ராணியெல்லாம் யாரும் வரலை."

அவர் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு டீக்கடைப் பெரியவர் ஞாபகம் வந்தது. அடுத்த பதிவைப் போட்டேன். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா, நான் இந்தக் கடைக்கு வந்தே ரெண்டு வருசந்தான் ஆச்சு, அதுக்கு முந்தி இங்க யாரு இருந்தாங்கன்னு தெரியாது, இந்தப் பையனை எனக்குத் தெரியாது, அழாதீங்க, உக்காந்து டீ குடிங்கன்னு சொல்றார். பதா நஹீன்னு மூணு தடவை வருது பாருங்க. தெரியாதுன்னு அர்த்தம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "யார் சார் அந்தப் பையன்?" என்று கேட்டார்.

நேரே பாய் கடைக்குப் போனேன். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, சுவரில் சாய்த்தேன்.

"ஒங்களுக்கு இந்தி தெரியுமா பாய்?"

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "நாலஞ்சு வார்த்தை வரும் தம்பி."

"அந்த ராணி?"

"அம்புட்டு தூரம் வந்து நோட்ட விரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. செருப்பக் கழட்டச் சொல்றாருன்னு எப்பிடித் தம்பி சொல்றது?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். "எங்கம்மா கால்ல விழுந்தாங்க பாய். ஒண்ணும் புரியாமலே வாய்க்கு வந்ததச் சொல்லி, எங்கம்மாவ ஒரு டீக்கடைக்காரர் கால்ல விழ வச்சுட்டீங்க. உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?" சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"புரியாமச் சொல்லல" என்றார் பாய். "நம்ம கடைக்கு வர்ற வடக்கத்திப் பயலுககிட்ட எதக் கேட்டாலும் பதா நஹீம்பானுக. அங்க அவரு பேசுனதுல எனக்குப் புரிஞ்ச ஒரே வார்த்தை அதான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பாய் கண்ணாடியைக் கழற்றி மிஷின் மேல் வைத்தார்.

"எந்தம்பி சவூதில மௌத்தானான். நீங்க இந்தக் கடைக்கு வர்றதுக்கு ரொம்ப முந்தி. அங்கயே அடக்கம் பண்ணிட்டாக. அவன் ரூம்ல கூடத் தங்குனவன் லீவுல வந்தான். ஓடிப் போயி, கடைசியா தண்ணி குடுத்தது யாருப்பான்னு கேட்டேன். கையில இருந்த போனப் பாத்துக்கிட்டே, தெரியாது பாய், நான் டூட்டில இருந்தேன்னு சொல்லிட்டுச் சோத்தப் பெசஞ்சான். அந்த ஒத்த வார்த்தைய வச்சுக்கிட்டு எங்கம்மா ஆறு வருசம் இருந்து, அதோடயே போச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க அம்மா என் முழங்கையப் புடிச்சாக தம்பி. எங்கம்மாவும் அப்பிடித்தான் புடிக்கும். செஞ்சது தப்புதான். அக்காகிட்ட நான் வந்து சொல்லட்டுமா?"

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்தக் கடைக்குப் போனேன், பைகள் கொடுத்தேன். அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பாய் மௌத்தாகிவிட்டார். துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவியிடம் கேட்கக் கூடாதுதான், கேட்டேன். "என் கையாலதான் தம்பி குடுத்தேன். நல்லாக் குடிச்சாரு" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தபிறகுதான் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கியது.

ஆனால் நான் சொல்ல வந்தது, பாயிடம் கத்திவிட்டு வீட்டுக்குப் போன அந்தச் சாயங்காலத்தை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். சரித்திரப் பைத்தியம் பிடித்தவன் பொய்யை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"அந்த டீக்கடைப் பெரியவரு பேச்சப் போடுடா, கேட்டு நாளாச்சு" என்றாள். காஷ்மீரிலிருந்து வந்த நாளிலிருந்து மாதம் ஒரு தடவையாவது அதைக் கேட்பாள். புரியாவிட்டாலும் அந்தக் குரல் அவளுக்கு வேண்டும். தன் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்த கையுடைய மனிதரின் குரல்.

போட்டேன். பெரியவர் பேசினார். பின்னால் சமோவார் கொதிக்கிற சத்தம். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"இந்த எடத்துல ஒண்ணச் சொல்றாருல்ல, மூணு தடவ? பதா, பதான்னு. அன்னைக்கே பாய்ட்ட கேக்க நெனச்சேன், மறந்துபோச்சு. அது என்னன்னு ஒனக்குத் தெரியுமாடா?"

டம்ளரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். குடிக்கவில்லை, பதிலுக்காக நிறுத்தி வைத்திருந்தாள்.

"தெரியும்மா" என்றேன். "நான் பக்கத்துலயே இருந்தேன், நான் பக்கத்துலயே இருந்தேன்னு சொல்றாரு."

அம்மா தலையை ஆட்டினாள். ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு, கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.